மடிக்கணினியின் வேகத்தை அளந்து வாங்குவது எப்படி?

கிராமத்தின் அன்றாட அலுவல்களில் கணினி இன்று இன்றியமையாத கருவியாகிவிட்டது. பட்டா நகல் பெறுவதும், விவசாயிகளுக்கான உதவித்தொகை வங்கியில் சேர்ந்ததா என்று அறிவதும், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பமும் கணினி வழியாகவே நடைபெறுகின்றன. பஞ்சாயத்துகளின் திட்டங்களையும் வரவு செலவையும் பதிவதற்கென 2020 ஏப்ரல் 24-ஆம் நாள் இ-கிராம் சுவராஜ் என்னும் தளம் தொடங்கப்பட்டது. ஆகவே கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகங்களும், மகளிர் சுய உதவிக் குழுக்களும், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்துள்ள விவசாயக் குடும்பங்களும் மடிக்கணினி வாங்க முற்படுகின்றன.

இது சிறு செலவன்று. சிறு விவசாயியின் குடும்பத்தில் ஒரு போகத்து இலாபத்தின் பெரும் பகுதியை அது விழுங்கிவிடக்கூடும். பஞ்சாயத்து வாங்கினாலோ, அது ஊராரின் வரிப்பணம். புதுவை நகரத்தின் நேரு வீதிக்கோ அண்ணா சாலைக்கோ சென்று கடையில் ஏறியதும், "இது எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்பதே பலரும் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கிறது. எண் பெரிதானால் இயந்திரம் சிறந்தது என்று முடிவு செய்துவிடுகிறோம். அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி வாங்குவது, கொம்பை மட்டும் பார்த்து உழவு மாடு பிடிப்பதற்கு ஒப்பாகும். அந்த எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

கிகாஹெர்ட்ஸ் என்பது என்ன?

கணினிக்குள் கணக்குப் போடும் உறுப்பைக் கடைக்காரர்கள் 'புராசஸர்' என்பார்கள். தமிழில் அதனை நுண்செயலி எனலாம். (கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் 'ஆப்'பையும் இக்காலத்தில் செயலி என்று கூறுவதால், குழப்பம் வாராதிருக்க இங்கே நுண்செயலி என்றே வழங்குவோம்.) விரல் நகத்தளவேயான சிலிக்கன் சில்லில் அமைந்த இவ்வுறுப்பு, ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. துடிப்பு ஒன்று நிகழும்போது வேலை ஒரு படி முன்னேறுகிறது. விநாடிக்கு ஒரு துடிப்பு என்பது ஒரு ஹெர்ட்ஸ். விநாடிக்கு நூறு கோடித் துடிப்புகள் என்பது ஒரு கிகாஹெர்ட்ஸ்.

1971-ல் இன்டெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 4004 என்னும் நுண்செயலி விநாடிக்கு ஏறத்தாழ 7,40,000 துடிப்புகளே கொண்டிருந்தது. இன்றைய சாதாரண மடிக்கணினி விநாடிக்கு 300 கோடித் துடிப்புகளை எளிதில் எட்டுகிறது. ஆயினும் துடிப்பின் எண்ணிக்கை வேறு, செய்து முடித்த வேலையின் அளவு வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் ஏமாறமாட்டார்.

கவலை இறைப்பில் ஓர் உவமை

மோட்டார் வருவதற்கு முன் கவலையில் நீர் இறைத்த காலத்தை நம் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு மணி நேரத்தில் மாடுகள் எத்தனை முறை சரிவில் இறங்கி ஏறின என்பது ஒரு கணக்கு. ஆனால் வயலுக்குப் பாய்ந்த நீரின் அளவு அதனால் மட்டும் அமைவதில்லை. சால் எவ்வளவு பெரிது என்பதையும், கிணற்றில் எத்தனை கவலைகள் பூட்டப்பட்டுள்ளன என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சிறு சாலை அறுபது முறை இழுப்பதைவிடப் பெரிய சாலை நாற்பது முறை இழுப்பது அதிக நீர் தரலாம்.

நுண்செயலியிலும் இதே முறைதான். மாடுகள் இறங்கி ஏறும் எண்ணிக்கை கிகாஹெர்ட்ஸ். சாலின் அளவு, ஒரு துடிப்பில் நுண்செயலி முடிக்கும் வேலை. இது அதன் வடிவமைப்பைப் பொறுத்தது. புதிய தலைமுறை நுண்செயலிகளில் பெரும்பாலும் இது கூடுதலாக இருக்கும். கிணற்றில் பூட்டிய கவலைகளின் எண்ணிக்கையே 'கோர்' எனப்படுவது. நான்கு கோர் உள்ள நுண்செயலி ஒரே நேரத்தில் நான்கு வேலைகளைத் தனித்தனியே நடத்த வல்லது. ஆனால் எல்லா வேலைகளையும் பங்கிட்டுவிட முடியாது. ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்வதற்குப் பத்துக் கோர்கள் இருந்தும் பயனில்லை. இணையப் பக்கங்கள் பலவற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, காணொளிக் கூட்டத்திலும் கலந்துகொண்டு, கணக்கேட்டையும் பார்க்கும்போதே பல கோர்களின் பலன் தெரியும்.

பெரிய நிறுவனம் கற்ற பாடம்

துடிப்பை மட்டும் கூட்டிக்கொண்டே போகலாம் என்ற எண்ணம் நுண்செயலிகளைச் செய்வோருக்கும் ஒரு காலத்தில் இருந்தது. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் 1.5 கிகாஹெர்ட்ஸில் அறிமுகமான பென்டியம் 4, 2004-ஆம் ஆண்டு இறுதிக்குள் 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. ஆனால் வேகத்தோடு மின்செலவும் வெப்பமும் பெருகின. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ வெளியிடும் திட்டத்தை 2004 அக்டோபரில் இன்டெல் கைவிட்டது. பின்னர் 2006-ல் வந்த கோர் 2 டுவோ வரிசையில், 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கியதொரு நுண்செயலி, 3.73 கிகாஹெர்ட்ஸில் இயங்கிய பழைய வடிவமைப்பைப் பெரும்பாலான சோதனைகளில் முந்தியது. துடிப்பு குறைந்தது, வேலை கூடிற்று. மாடுகளை விரட்டுவதை விட்டுச் சாலைப் பெரிதாக்கினார்கள் என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

இன்றைய சந்தையிலும் இதற்கு உதாரணம் உண்டு. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்ற இரண்டும் பெயரளவில் இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றும். முன்னதன் அடிப்படை வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ், பின்னதன் அடிப்படை வேகம் 2.0 கிகாஹெர்ட்ஸ். எண்ணை மட்டும் பார்ப்பவர் முன்னதையே எடுப்பார். ஆனால் முன்னதற்கு நான்கு கோர், பின்னதற்கு ஆறு கோர். வடிவமைப்பும் பின்னதற்கே புதியது. பல வேலைகள் ஒன்றுசேரும்போது பின்னதே கைகொடுக்கும். இவ்வரிசையின் பெயர் எண்ணில் மூன்றாம் இலக்கம் வடிவமைப்பின் தலைமுறையைக் குறிக்கும் என்பதை அறிந்தவருக்கு இம்மயக்கம் வாராது.

அட்டைப் பெட்டியில் காணும் இரண்டு வேகங்கள்

நுண்செயலிக்கு இரண்டு வேகங்கள் குறிப்பிடப்படுவதுண்டு. ஒன்று, நீடித்து நிற்கும் அடிப்படை வேகம். மற்றொன்று, சிறிது நேரத்திற்கு எட்டக்கூடிய உச்ச வேகம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காண்பது பெரும்பாலும் உச்ச வேகமே. "4.4 கிகாஹெர்ட்ஸ் வரை" என்று இருந்தால் அந்த 'வரை' என்னும் சொல்லையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இன்டெல் கோர் ஐ5-1235யு உச்ச வேகத்தில் 4.4 கிகாஹெர்ட்ஸை எட்டும். அதன் அடிப்படை மின்திறன் 15 வாட்; உச்சத்தில் 55 வாட் வரை இழுக்கும். அத்தனை வெப்பத்தையும் மெல்லிய மடிக்கணினியின் சிறு விசிறி நெடுநேரம் வெளியேற்ற இயலாது. சூடு ஏறியதும் நுண்செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சித்திரை வெயிலில் மாடு தளர்வது போன்றதே இது. புதுவைக் கோடையில் காற்றோட்டமில்லாத அலுவலக அறையில் வேலை செய்யும்போது, விலை உயர்ந்த இயந்திரமும் தன் உச்ச வேகத்தை நீடித்துத் தராது. மெத்தையின் மீதோ துணியின் மீதோ மடிக்கணினியை வைத்தால் அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகள் அடைபட்டு வேகம் மேலும் குறையும். பலகையின் மீது வைத்துப் பயன்படுத்துவதும், துளைகளில் தூசி அடையாமல் பார்த்துக்கொள்வதும் செலவில்லாமல் வேகத்தைக் காக்கும் வழிகளாம்.

நுண்செயலி காத்திருக்கும் நேரம்

"வேகமான கணினி என்று வாங்கினோம், ஆனால் திறக்கவே ஐந்து நிமிடமாகிறது" என்ற குறை அடிக்கடி நம் காதில் விழுகிறது. இதற்கு நுண்செயலி பெரும்பாலும் காரணமன்று. கிணற்றில் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைப் பொருத்திவிட்டு, ஓரங்குலக் குழாயை மாட்டினால் நீர் எவ்வளவு வரும்?

கோப்புகளைச் சேமிக்கும் பகுதி பழைய முறைச் சுழலும் தட்டாக இருந்தால், ஒரு செய்தியைத் தேடி எடுக்க ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் ஆகலாம். நமக்கு அது கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவே. ஆனால் 3 கிகாஹெர்ட்ஸ் நுண்செயலிக்கோ அது மூன்று கோடித் துடிப்புகள்! அத்தனை துடிப்புகளும் அந்தச் செய்திக்காகக் காத்திருப்பதில் கழிகின்றன. சுழலும் பகுதி இல்லாத 'எஸ்.எஸ்.டி.' என்னும் சேமிப்பகம் அதே செய்தியை ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துத் தரும். ஆதலால் எஸ்.எஸ்.டி. உள்ள நடுத்தர நுண்செயலி, சுழலும் தட்டு உள்ள உயர்தர நுண்செயலியைவிட அன்றாட வேலைகளில் விரைவாகத் தோன்றுகிறது.

அடுத்தது 'ரேம்' என்னும் தற்காலிக நினைவகம். இது அறுவடைக் களம் போன்றது. சேமிப்பகம் களஞ்சியம் போன்றது. களம் சிறிதானால் கட்டுகளைக் களஞ்சியத்துக்கும் களத்துக்குமாக மாற்றி மாற்றிச் சுமக்க நேரிடும். ஆள் எவ்வளவு சுறுசுறுப்பானவராயினும் வேலை நடவாது. இன்றைய நிலையில் 8 ஜிபி ரேம் குறைந்தபட்சத் தேவை. பல ஆண்டுகள் உழைக்க வேண்டுமானால் 16 ஜிபி நலம். சில மடிக்கணினிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட இயலாது. வாங்கும்போதே இதனைக் கேட்டறிவது அவசியம்.

இப்போது கையிலுள்ள கணினி ஏன் தாமதிக்கிறது என்பதை நாமே சோதிக்கலாம். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ஓர் அட்டவணை தோன்றும். அதில் நுண்செயலி, நினைவகம், சேமிப்பகம் ஆகியவை நூற்றுக்கு எவ்வளவு உழைக்கின்றன என்று காணலாம். வேலை தாமதமாகும் நேரத்தில் எது நூறை நெருங்கி நிற்கிறதோ, அதுவே தடை. நினைவகமோ சேமிப்பகமோ தடையாயின், புதுக் கணினி வாங்காமல் அப்பகுதியை மட்டும் மாற்றினாலே போதுமானதாக இருக்கலாம்.

புதுவைக் கிராமங்களின் அனுபவம்

இயந்திரத்தின் வேகத்தைவிட வேலையின் தேவையை முதலில் அறிய வேண்டும் என்பதற்கு நம் பகுதியிலேயே சிறந்த சான்று உள்ளது. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு, புதுவைக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. வில்லியனூர் தலைமை மையமாயிற்று. எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களிலும், 1954 அக்டோபர் 18-ல் இந்தியாவுடன் இணைவதற்கான வாக்கெடுப்பு நடந்த கீழூரிலும் மையங்கள் எழுந்தன. தொலைபேசி இணைப்பு அரிதாயிருந்த அக்காலத்தில் கம்பியில்லா வானொலிக் கருவிகளால் மையங்கள் இணைக்கப்பட்டன. மின்தடையைச் சமாளிக்கச் சூரிய ஒளி மின்சாரமும் பயன்பட்டது.

அந்த ஆண்டில் சந்தைக்கு வந்த பென்டியம் 2 வரிசையின் உயர்ந்த வேகமே 450 மெகாஹெர்ட்ஸ். அதாவது அரை கிகாஹெர்ட்ஸுக்கும் குறைவு. இன்றைய மலிவான கைப்பேசிக்கும் ஈடாகாத அத்தலைமுறைக் கணினிகளைக் கொண்டே அம்மையங்கள் தம் பணியைத் தொடங்கின. விளைபொருள் விலைகளும், அரசுத் திட்டங்களின் விவரங்களும் தமிழிலேயே மக்களை அடைந்தன. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பைப் பெற்று, ஒலிபெருக்கி மூலம் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தபோது, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை நல்லவாடு கிராமத்தார் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் முழங்கி மக்களைக் கரையிலிருந்து அகற்றினார்கள். எண்ணற்ற உயிர்கள் தப்பின.

இம்மையங்களை அமைத்தவர்கள், கிராமத்துக்கு எந்தச் செய்தி தேவை என்பதை மக்களிடமே முதலில் கேட்டறிந்தார்கள். அதன் பிறகே கருவிகளை அமைத்தார்கள். நாமும் கடைக்குப் புறப்படும் முன் அவ்வாறே செய்தல் வேண்டும்.

நம் வேலைக்கு எது போதும்?

கடிதம் எழுதுதல், கணக்கேடு, இணையத் தளங்களில் பதிவு செய்தல், காணொளிக் கூட்டம், பிள்ளைகளின் பாடங்கள் ஆகியவையே நம்மில் பெரும்பாலோரின் வேலைகள். இவற்றுக்கு அண்மைத் தலைமுறையைச் சேர்ந்த இன்டெல் ஐ3 அல்லது ரைசன் 3 வகை தாராளமாகப் போதும். பல ஆண்டுகளுக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும் என்போர் ஐ5 அல்லது ரைசன் 5 வகைக்குச் செல்லலாம். 2023 டிசம்பர் முதல் இன்டெல் தன் புதிய மடிக்கணினி நுண்செயலிகளுக்கு 'ஐ' என்ற எழுத்தை நீக்கி, கோர் 3, கோர் 5, கோர் அல்ட்ரா எனப் பெயரிட்டு வருவதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பெயரின் இறுதி எழுத்தும் கவனிக்கத்தக்கது. 'யு' என்பது குறைந்த மின்செலவு வகை. மின்கலம் நீடித்து உழைக்கும். மின்தடையுள்ள ஊர்களுக்கு ஏற்றது. 'எச்' என்பது மிகுந்த மின்சாரமும் வெப்பமும் கொண்ட ஆற்றல் வகை. கட்டட வரைபடம், பொறியியல் வடிவமைப்பு, காணொளித் தொகுப்பு முதலியவற்றைப் படிக்கும் மாணவருக்கு அது பயன்படும். பஞ்சாயத்து அலுவலகக் கணக்குக்கு அது வீண் செலவே. பிள்ளை எந்தப் படிப்பில் சேர்ந்துள்ளான், அதற்கு எந்த மென்பொருள் வேண்டும் என்று கல்லூரி ஆசிரியரைக் கேட்டுக்கொண்டு வாங்குவது நன்று.

பழைய கணினி வாங்குவோர் கவனத்துக்கு

சிக்கனம் கருதிப் பழைய மடிக்கணினி வாங்குவோரும் உண்டு. "ஐ7" என்ற ஒட்டுவில்லையைக் கண்டு மயங்கலாகாது. 2013-ல் வெளிவந்த ஐ7-4600யு நுண்செயலிக்கு இரண்டே கோர்; உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். 2022-ல் வெளிவந்த ஐ3-1215யு நுண்செயலிக்கு ஆறு கோர். உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். பெயரில் மூத்தது ஐ7. உழைப்பில் மூத்தது ஐ3. இவ்வெண்களில் முதலில் உள்ள 4, 12 ஆகியவை தலைமுறையைக் குறிக்கும்.

மேலும், விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களின் பொதுக்காலம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்பவை, சில விலக்குகள் நீங்கலாக, இன்டெல் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையுமே. அதற்கு முந்தைய கணினியில் வங்கிக் கணக்கையும் பஞ்சாயத்துப் பணத்தையும் கையாள்வது, பூட்டில்லாத பெட்டியில் பணம் வைப்பது போன்றது. பழைய கணினியை விட மனமில்லாதவர்கள், விவரம் அறிந்தவரைக் கொண்டு லினக்ஸ் என்னும் இலவச இயக்க முறையை நிறுவிப் பயன்படுத்தலாம்; ஆனால் தம் வேலைக்கு வேண்டிய மென்பொருள் அதில் இயங்குமா என்று முன்னரே சோதித்துக்கொள்ள வேண்டும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

முதலாவது, நுண்செயலியின் முழுப்பெயரை எண்ணும் எழுத்தும் விடாமல் எழுதி வாங்குக. "ஐ5" என்று மட்டும் சொல்வது முகவரியில் தெருப்பெயரை மட்டும் சொல்வது போன்றது. இரண்டாவது, எந்த ஆண்டில் வெளிவந்தது, எத்தனை கோர் என்று கேட்க. மூன்றாவது, ரேம் எவ்வளவு, பின்னர் கூட்ட முடியுமா என்று கேட்க. நான்காவது, சேமிப்பகம் எஸ்.எஸ்.டி.தானா என்று உறுதி செய்க. ஐந்தாவது, உத்தரவாதக் காலமும், புதுவையிலேயே பழுது பார்க்கும் வசதி உண்டா என்பதும் அறிக. ஆறாவது, இவ்விவரங்கள் அனைத்தும் விலைச் சீட்டில் எழுதப்பட்டிருக்குமாறு பார்த்துக்கொள்க.

பஞ்சாயத்து வாங்கும்போது, ஒப்பந்தப்புள்ளியாயினும் அரசின் ஜெம் மின் சந்தையாயினும், "3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்" என்று ஒரே நிபந்தனை எழுதினால் பழைய சரக்கும் அந்த வாசல் வழியே நுழைந்துவிடும். தலைமுறை, கோர், ரேம், எஸ்.எஸ்.டி., உத்தரவாதம் ஆகிய ஐந்தையும் நிபந்தனையில் சேர்ப்பது உறுப்பினர்களின் கடமை. தீர்மானம் நிறைவேற்றும் முன் இவ்வைந்தும் உள்ளனவா என்று எந்த உறுப்பினரும் எழுந்து கேட்கலாம். அதற்குக் கணினிப் படிப்புத் தேவையில்லை.

விதை வாங்கும்போது முளைப்புத் திறனைக் கேட்கிறோம். மோட்டார் வாங்கும்போது கிணற்றின் ஆழத்தைச் சொல்லுகிறோம். மடிக்கணினி வாங்கும்போதும் நம் வேலையைச் சொல்லி, அதற்கேற்ற இயந்திரத்தைக் கேட்போமாக. உச்ச வேகத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கவிருந்த பணத்தை ரேமிலும் எஸ்.எஸ்.டி.யிலும் இட்டால், அதன் பலன் நாள்தோறும் கண்ணுக்குத் தெரியும். மீந்த பணம் பிள்ளையின் புத்தகத்துக்கோ, ஊரின் தெருவிளக்குக்கோ உதவும்.